உருண்டை மரத்தை உருண்டையாகவே நிற்க விடுங்கள்

வீடு கட்டுகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் ஒன்றை இங்கும் எழுதிவைக்கிறேன். தூணாகவோ விட்டமாகவோ நிற்கப்போகும் மெல்லிய மரத்தைப் பட்டையை மட்டும் உரித்து, உருண்டையாகவே பயன்படுத்துங்கள், சதுரமாக அறுக்காதீர்கள். பலரும் இதை அழகு சார்ந்த விருப்பமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது முதலில் வலிமை சார்ந்த விஷயம்.

ஒரு வட்டக் கம்பத்திலிருந்து எடுக்கக்கூடிய மிகப் பெரிய சதுரத்தின் பரப்பு, அந்த வட்டத்தின் பரப்பில் ஏறத்தாழ 64 சதவீதம்தான். சுமையால் முறியாமல் தாங்கும் வலிமையில் 60 சதவீதமும், வளைந்து கொடுக்காத விறைப்பில் 42 சதவீதமும் மட்டுமே மிஞ்சுகின்றன. இந்தக் கணக்கில் அடங்காத இன்னோர் இழப்பும் உண்டு. மரத்தின் நார்கள் கணுவைச் சுற்றி வளைந்து, அறுபடாமல் மேலே செல்கின்றன. ரம்பமோ நேர்கோட்டில் ஓடுவதால், கணுவின் அருகே அவற்றைக் குறுக்கே வெட்டிவிடுகிறது. அறுத்த சட்டங்கள் பெரும்பாலும் கணுவை ஒட்டியே முறியத் தொடங்குவதற்கு இதுதான் காரணம்.

இதை ஏட்டுக் கணக்கில்லாமலே அறிந்திருந்தவர்கள் வட அமெரிக்கச் சமவெளிகளின் பூர்வகுடிகள். அவர்களுடைய ‘டிப்பி’ என்னும் கூம்பு வடிவக் கூடாரத்துக்கு, நெருக்கமாக வளர்ந்ததால் ஒல்லியாகவும் நேராகவும் நிமிர்ந்த பைன் கழிகளையே விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். லாட்ஜ்போல் (கூடாரக் கழி) பைன் என்று அந்த மரத்துக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். லகோட்டா, செயென் மக்கள் மூன்று கழிகளை முதலில் கட்டி நிறுத்தி, மற்றவற்றை அவற்றின் மேல் சாய்ப்பார்கள். பிளாக்ஃபுட், குரோ மக்களுக்கு அடிப்படை நான்கு கழிகள். இடம்பெயரும்போது அதே கழிகளைக் குதிரையின் இருபுறமும் பிணைத்து, சுமையிழுக்கும் சட்டமாக்கிக்கொண்டார்கள். என்னை மிகவும் கவர்வது அவர்கள் கழியைச் சீவும் விதம். உச்சியில் புகை வெளியேறும் திறப்பு வழியாக மழைநீர் உள்ளே வரத்தான் செய்யும். கழி வழவழப்பாக இருந்தால் அந்த நீர் அதன்மேலேயே வழிந்து தரைக்கு இறங்கிவிடும். கணுவின் ஒரு சிறு முண்டு எஞ்சியிருந்தாலும், நீர் அந்த இடத்தில் நின்று, உறங்குகிறவர் மேல் சொட்டும். ஆகவே கழியை இழைப்பது கூரை வேய்வதற்குச் சமமான வேலை.

உருண்டை மரத்தைப் பற்றி என்னிடம் அதிகம் கேட்கப்படுவது வெடிப்பைப் பற்றித்தான். மரம் உலரும்போது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைவிட, ஆண்டு வளையங்களை ஒட்டி ஏறத்தாழ இருமடங்கு சுருங்குகிறது. ஆகவே நீளவாக்கில் பிளவு விழுவது இயல்பு. நார்களுக்கு இணையாக ஓடும் அந்தப் பிளவால் தூணின் தாங்குதிறன் பெரிதாகக் குறைவதில்லை. கண்ணை உறுத்துகிறது என்றால், ஜப்பானியத் தச்சர்களின் வழி இருக்கிறது: பார்வைக்கு மறைந்திருக்கும் பின்பக்கத்தில், மரத்தின் மையம் வரை நீளமாக ஒரு கீறலைத் தாங்களே போட்டுவிடுகிறார்கள். சுருக்கமெல்லாம் அந்தக் கீறலில் விரிந்துவிடுவதால், முன்பக்கம் பெரும்பாலும் பிளவின்றி நிற்கிறது.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் தூணின் அடி. இளமரக் கம்பத்தில் வைரம் பாய்ந்த பகுதி குறைவு. வெளிச்சுற்று முழுவதும் எளிதில் மட்கும் மென்மரம். தேக்காக இருந்தாலும் அந்தச் சுற்றுக்குக் காப்பு கிடையாது. ஜப்பானின் இசே கோயிலில் தூண்களை நேரடியாக மண்ணில்தான் நடுகிறார்கள். ஆனால் அங்கே 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை, கடைசியாக 2013இல், எல்லாவற்றையும் புதிதாகக் கட்டும் மரபு இருக்கிறது. அப்படியொரு ஏற்பாடு இல்லாத வீட்டில், தூணைத் தரைமட்டத்துக்கு மேலே கல்லின்மீது நிறுத்துவதே சரி. அடியைத் தீயில் கருக்கி நட்டால் போதும் என்பதை நான் ஏற்பதில்லை. பின்னர் விழும் வெடிப்புகள் கரிப்படலத்தைத் தாண்டி உள்ளே போய்விடுகின்றன. பட்டையையும் அழகுக்காக விட்டுவைக்கக் கூடாது. வண்டுகள் அதனடியில்தான் முட்டையிடுகின்றன.

அலங்காரத்துக்கு உருண்டை மரம் வைப்பதில் எனக்கு எதிர்ப்பில்லை. மாடிப்படியின் கைப்பிடியாகவோ, அறைக்கு நடுவே தடுப்பாகவோ அது மிக நன்றாக அமைகிறது. கான்கிரீட் தூணைச் சுற்றி மரப்பட்டையை ஒட்டி, மரம் தாங்குவதுபோல் காட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. தாங்கவல்ல பொருளை வெறும் போர்வையாக்குவது அதற்குச் செய்யும் அவமதிப்பு.

வளர்ப்புக் காடுகளில் நெருக்கத்தைக் குறைக்க வெட்டப்படும் ஒல்லி மரங்கள் பெரும்பாலும் கூழுக்கோ விறகுக்கோ போகின்றன. இங்கிலாந்தின் டார்செட் பகுதியிலுள்ள ஹூக் பார்க் காட்டில், 1980களில், ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோவின் பங்களிப்போடு அத்தகைய மரங்களைக் கொண்டே கட்டடங்கள் எழுப்பிக் காட்டினார்கள். அங்கேயும் பெரும் சவாலாக இருந்தது இணைப்புகள்தான். ஒரு கம்பம் அடியில் பருத்து நுனியில் சிறுக்கும். இன்னொன்று சற்றே வளைந்திருக்கும். ஒன்றின் வளைவைக் கவராயத்தால் மற்றொன்றின்மேல் வரைந்து, அந்தக் கோட்டின்படி குடைந்து பொருத்த நல்ல தச்சர் வேண்டும். அவருக்கு நேரமும் வேண்டும். அறுப்புக்கூலியிலும் மரத்திலும் மிச்சமாகும் பணத்தை அந்தத் தச்சருக்குக் கொடுங்கள். இணைப்பு வேலையில் அவரை அவசரப்படுத்தாதீர்கள்.