பள்ளிப் பிள்ளைகளுக்குக் குப்பைப் பை மட்டும்தானா?

ஜூலை 18, மண்டேலா தினம் வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் எங்கள் சாட்ஸ்வர்த் பகுதி முழுக்கப் பள்ளிச் சீருடைதான். மண்டேலா பொதுவாழ்வில் உழைத்த 67 ஆண்டுகளின் நினைவாக 67 நிமிடம் தெருவைக் கூட்டுவார்கள், முதியோர் இல்லத்தில் பாடுவார்கள், படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். நல்ல காரியம்தான். ஆனால் பிள்ளை இதில் என்ன கற்றது என்று யாரும் கேட்பதில்லை.

பல்கலைக்கழகத்தில் கதை வேறு. 1997ஆம் ஆண்டு அரசின் உயர்கல்விக் கொள்கையான வெள்ளை அறிக்கைக்குப் பிறகு, பல்கலைக்கழகங்களையும் ஊர்மக்களையும் இணைக்க 1999இல் தொடங்கிய ‘செஸ்ப்’ திட்டம் இந்த நாட்டில் சேவையைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது. சட்ட மாணவர், வழக்கறிஞரின் மேற்பார்வையில், வீட்டு வாடகைத் தகராறோடு வருகிறவருக்கு வழி சொல்கிறார். அப்புறம் உட்கார்ந்து, தான் படித்த சட்டம் அங்கே எங்கே இடித்தது என்று எழுதுகிறார். மதிப்பெண் அந்தக் கற்றலுக்குத்தான், செலவிட்ட மணிநேரத்துக்கு இல்லை.

சரி, அதனால் பல்கலைக்கழகம் ஒசத்தியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. செமஸ்டர் முடிந்ததும் அவர்கள் போய்விடுகிறார்கள். அடுத்த வருடம் புது அணி, ஊர்க்காரர்களிடம் கேட்க அதே கேள்வித்தாள். எங்கள் தெருப் பாட்டிமார் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். “போன தடவை சொன்னதெல்லாம் எங்கே தம்பி?” என்று ஒரு ஆயா கேட்டதற்கு அந்தப் பையனிடம் பதில் இல்லை. பாவம், அவன் என்ன செய்வான்.

எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஐந்து வருடம் இங்கேயே இருப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள்தான். பக்கத்திலேயே உம்லதுசானா ஆறு ஓடுகிறது. ஆற்றின் சுத்தத்தை அளக்க ‘மினிசாஸ்’ என்று ஒரு முறை, நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் உருவானது. வலையால் ஆற்றடியைக் கிளறி, அகப்படும் சிறு உயிர்களை 13 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைக் கூட்டிச் சராசரி பார்க்க வேண்டும். அசுத்தம் தாங்காத பூச்சிகளுக்குப் பெரிய எண், எதையும் தாங்கும் புழுக்களுக்குச் சின்ன எண். ஆய்வகமே வேண்டாம். உயிரியல் வகுப்பு இதை வருடா வருடம் ஒரே இடத்தில் செய்தால், ஆறு எப்போது கெட்டது, எந்த இடத்துக்குக் கீழே கெட்டது என்று நகராட்சியிடம் கணக்கோடு பேசலாம். ஏப்ரல் 2022 வெள்ளத்தில் 400 பேருக்கு மேல் பறிகொடுத்த மாகாணம் இது. ஆற்றைக் கவனிப்பது இங்கே பொழுதுபோக்கு இல்லை.

ஆசிரியர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை, தெரியும். அதற்குத்தான் பல்கலைக்கழக மாணவர்கள். தனியாக வந்து கேள்வித்தாள் நீட்டாமல் இந்த வகுப்போடு சேரட்டும், போகும்போது குறிப்புகளைப் பள்ளியிலேயே விட்டுப் போகட்டும்.

பள்ளி நிர்வாகக் குழுவில் சட்டப்படி பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் நான் இதைக் கேட்கப் போகிறேன். நீங்களும் உங்கள் பள்ளியில் கேளுங்கள்.