தரம் 1-இல் சேர எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை

"அ, ஆவன்னா முழுக்க எழுதத் தெரியாத பிள்ளையைத் தரம் 1-இல் சேர்க்க மாட்டார்கள்" என்று ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது பொய்.

இலங்கை அரசாங்கப் பாடசாலையில் தரம் 1-க்கு எழுத்துப் பரீட்சை கிடையாது. சேரும் வருடத்தின் ஜனவரி 31ஆம் திகதிக்கு 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும், அதுதான் வயதுக் கணக்கு. நேர்முகத்தில் பார்ப்பது பிறப்புச் சான்றிதழையும் வதிவிடப் பத்திரங்களையும்தான், பிள்ளையின் கையெழுத்தை அல்ல. 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டமே இருக்கும்போது, எழுதத் தெரியவில்லை என்று எப்படித் திருப்பி அனுப்ப முடியும்?

சரி, சேர்ந்த பிறகு டீச்சர் ஏதோ சோதிக்கிறாரே என்று கேட்பீர்கள். முதல் வாரங்களில் பிள்ளைகளை விளையாட விட்டு, யார் எப்படிப் பேசுகிறார், எண்ணுகிறார், பென்சில் பிடிக்கிறார் என்று கவனிப்பார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துகொள்ளத்தான் அது, இதில் பாஸ், பெயில் என்று ஒன்றுமே இல்லை. 1999இல் நாடு முழுக்க வந்த ஆரம்பக்கல்விச் சீர்திருத்தமே தரம் 1, 2-இல் விளையாட்டுக்குத்தான் முதலிடம் கொடுத்தது.

கொழுந்து எடுத்துக் களைத்து லயத்துக்கு வரும் அம்மா, இந்தப் பொய்யை நம்பி நான்கு வயதுப் பிள்ளையை இரவில் அடித்து எழுத வைப்பதை நினைத்தால் மனது தாங்கவில்லை. கதை சொல்லுங்கள், கொழுந்துக் கூடையை எண்ணச் சொல்லுங்கள், அது போதும். முன்பள்ளிக்குப் போகாத பிள்ளைக்கும் தரம் 1-இல் இடம் உண்டு.