ஞானஸ்நானச் சான்றிதழ் மட்டும் போதாது: இசையும் ஆராதனையும் படிக்க விரும்புவோருக்கு

தஞ்சாவூர், தரங்கம்பாடி வட்டாரச் சபைகளின் வாட்ஸ்அப் குழுக்களில், அமெரிக்கக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களில் இசையும் ஆராதனையும் (சபை வழிபாட்டில் இசையை நடத்தப் பயிற்றும் படிப்பு) படிக்க ஞானஸ்நானச் சான்றிதழும் போதகரின் கடிதமும் போதும், இசைத் தேர்வு கிடையாது என்றொரு செய்தி பரவுகிறது. இது தவறு.

போதகரின் பரிந்துரையையும் விசுவாச அறிக்கையையும் பல நிறுவனங்கள் கேட்பது உண்மையே. ஆயினும் பல்கலைக்கழகத்தில் இடம் பெறுவதும் இசைத் துறையில் சேர்வதும் பொதுவாக வெவ்வேறு படிகள். இரண்டாவதற்கு, குரலையோ ஒரு முதன்மை வாத்தியத்தையோ தேர்ந்துகொண்டு, ஆசிரியர்கள் முன்னிலையிலோ காணொளிப் பதிவாகவோ பாடி அல்லது வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். இசைக் கோட்பாட்டில் எந்த நிலையிலிருந்து தொடங்குவது என்பதை அறியவும் பெரும்பாலும் தனித் தேர்வு உண்டு. சேர்ந்த பின்னரும் குழு இசை, கீபோர்டுப் பயிற்சி, மேடைக் கச்சேரி, சபையில் களப்பயிற்சி ஆகியவை பாடத்திட்டத்தில் வழக்கமாக இடம்பெறும்.

கர்நாடக இசை கற்றவர்கள் இதனால் மனம் தளர வேண்டியதில்லை. சரபோஜி மன்னரின் அவைப்புலவராயிருந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்தவக் கீர்த்தனைகளை ராக தாளத்தோடு பாடியது இதே மண்ணில்தான். அந்தச் செவிப்பயிற்சி பெருஞ்சொத்து. ஐந்து கோட்டு மேற்கத்திய இசைக் குறிப்பை வாசிக்க மட்டும் முன்கூட்டியே பழக வேண்டும்.

நிபந்தனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், முகவருக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த இசைத் துறைக்கே எழுதிக் கேளுங்கள்.