ஃப்ரீஸ்டைல் செஸ் குலுக்கல் சீட்டு இல்லை

முதல் வரிசைக் காய்களைக் குலுக்கி இடம் மாற்றி வைத்து ஆடும் ஃப்ரீஸ்டைல் செஸ்ஸைப் பற்றி, 'யாருக்கு நல்ல அமைப்பு விழுகிறதோ அவர்தான் ஜெயிப்பார், மேக்னஸ் (முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன்) தன் வசதிக்காகக் கண்டுபிடித்த விளையாட்டு' என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அதற்கு நிறைய லைக் வேறு. இரண்டுமே தவறு.

காய்களை ஆளுக்கு ஒரு மாதிரி கலைத்துப் போடுவதில்லை. வெள்ளைக்கு முதல் வரிசையில் எப்படி அமைகிறதோ, எதிரே கறுப்புக்கும் அப்படியே கண்ணாடி மாதிரி அமையும். ராஜா இரண்டு யானைகளுக்கும் நடுவில் எங்காவது இருக்க வேண்டும், இரண்டு பிஷப்பும் வேறு வேறு நிறக் கட்டத்தில் நிற்க வேண்டும். இந்த விதிகளுக்குள் வருவது மொத்தம் 960 அமைப்புகள், நாம் வழக்கமாக ஆடுவதும் அதில் ஒன்று. சில அமைப்புகளில் வெள்ளைக்கு முதல் நகர்வின் சாதகம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அது உண்மைதான், ஆனால் நாக் அவுட்டில் நிறம் மாற்றி இன்னொரு ஆட்டம் ஆடுவது பின்னே எதற்காம்?

அப்புறம், இதை 1996 இல் பியூனஸ் அயர்ஸில் அறிவித்தவர் முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர். அப்போது மேக்னஸுக்கு ஐந்து வயது. அவர் வசதிக்கானது என்றால் இதே ஆட்டத்தின் 2019 உலகப் போட்டி இறுதியில் அமெரிக்காவின் வெஸ்லி சோவிடம் 13.5–2.5 என்று அப்படி அடி வாங்கியிருப்பாரா? 2025 பிப்ரவரியில் ஜெர்மனியின் வைசன்ஹவுஸில் நடந்த ஃப்ரீஸ்டைல் போட்டியில் ஜெயித்ததும் அந்நாட்டு வீரர் வின்சென்ட் கைமர்தான். அதே ஜூலையில் லாஸ் வேகாஸில் நம்ம பிரக்ஞானந்தா, குரூப் ஆட்டத்தில் மேக்னஸை 39 நகர்வில் வீழ்த்தினார். அந்த ஆட்டத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள், மேக்னஸ் எங்கே நெருக்கப்படுகிறார் என்று தெரியும்.