ஒரே எழுத்துகள், ஆறு ஒலிகள்

ஓ, யு, ஜி, எச் ஆகிய நான்கு எழுத்துகளும் சேர்ந்து வரும் ஆங்கிலச் சொற்களை ஒரே பட்டியலாக மனப்பாடம் செய்யுமாறு ஆங்கில எழுத்துக்கூட்டல் பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் கூறுவதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. பினாங்கில் தமிழ்ப்பள்ளி மூன்றாம் ஆண்டில் பயிலும் என் பேத்தி, ‘டஃப்’ என்பதைச் சரியாகப் படித்துவிட்டு, அதே துணிவில் ‘த்ரூ’ என்பதைத் ‘த்ரஃப்’ என்றாள். ‘பஸ்’ஸை ஒலித்தபடியே பி, ஏ, எஸ் என எழுதும் மலாய் மொழியையும் சேர்த்துக் கற்கும் குழந்தையிடம் இதற்குக் காரணம் கேட்டால் என்ன சொல்வாள்?

காரணம் வரலாற்றில் உள்ளது. இந்த ஜி-எச் இணை முன்பு, நம் ஆய்தத்தை ஏறக்குறைய ஒத்த தொண்டையொலியைக் குறித்தது. இங்கிலாந்தின் முதல் அச்சாளரான காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிய பிறகு எழுத்துக்கூட்டல் மெல்ல உறைந்துவிட, ஒலியோ சில சொற்களில் மறைந்தும் சிலவற்றில் ‘ஃப்’ ஆகத் திரிந்தும் போயிற்று. விக்கலைக் குறிக்கும் ‘ஹிக்கப்’ சொல்லுக்கு இருமலைக் குறிக்கும் ‘காஃப்’ சொல்லின் எழுத்துகளை ஒட்டவைத்தது வெறும் தவறான ஊகமே. (அப்படி எழுதினாலும் ஒலிப்பு மாறவில்லை!)

எனவே ஒலிவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதே பயன் தரும். இறுதியில் ‘டி’ சேர்ந்தால் ‘தாட்’, ‘பாட்’, ‘ப்ராட்’, ‘ஃபாட்’ எனப் பெரும்பாலும் ஒரே ஒலிதான். வறட்சியைக் குறிக்கும் ‘ட்ரவுட்’ மட்டும் விலகி நிற்கும். அதைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தேன், பேத்தி இதுவரை மறக்கவில்லை.