டிராகுலாவைத் தெருவில் நடக்க விட்டிருக்க வேண்டும்

பேய்ப் படங்களுக்குப் பேர்போன பிரிட்டிஷ் நிறுவனமான ஹேமர் எடுத்த 'டிராகுலா ஏ.டி. 1972' படத்தின் மேல் எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு வருத்தம் உண்டு. டிராகுலாவை நவீன லண்டனுக்கு அழைத்து வருகிறார்கள். ஆனால் வந்தவன் கடைசிவரை லண்டனையே பார்ப்பதில்லை.

தொடக்கம் அபாரம். 1872, ஹைட் பார்க். தறிகெட்டு ஓடும் குதிரை வண்டியின் மேல் டிராகுலாவும் அவனை வேட்டையாடும் வான் ஹெல்சிங்கும் கட்டிப் புரள்கிறார்கள். வண்டி நொறுங்குகிறது. உடைந்த சக்கரத்தின் ஆரக்கால் டிராகுலாவின் நெஞ்சில் ஏறிக்கொள்கிறது. சக்கரத்தோடு தள்ளாடி எழுகிறான் பாருங்கள், டிராகுலாவாக நடிக்கும் கிறிஸ்டோபர் லீக்கு அங்கே வசனமே தேவைப்படவில்லை. கொஞ்ச நேரத்தில் வானத்தில் ஒரு விமானம் பறக்கிறது. நூறு வருடம் ஓடிவிட்டது.

அப்புறம்தான் சிக்கல். பாழடைந்த தேவாலயத்தில் இளைஞர் கூட்டம் ஒன்று சாத்தான் பூசை நடத்தி அவனை எழுப்புகிறது. எழுந்தவன் அந்தச் சுவர்களைத் தாண்டுவதே இல்லை. இரை அவனைத் தேடி வருகிறது. வெளியே அத்தனை காரும் இசையும் விளக்கும் இருந்து என்ன பயன்? அந்தத் தேவாலயத்துக்குள் 1872-ம் ஒன்றுதான், 1972-ம் ஒன்றுதான்.

பிராம் ஸ்டோக்கர் 1897-ல் எழுதிய மூல நாவல் 'டிராகுலா'வே அன்றைய நவீனக் கதைதான். தட்டச்சு, ஒலிப்பதிவுக் கருவி, ரத்தம் ஏற்றுதல் எல்லாம் அதில் வருகிறது. டிரான்சில்வேனியாக் கோட்டையில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்து ரயில் அட்டவணையைப் படிக்கிறான் டிராகுலா! நாவலில் என்னை அதிகம் உலுக்கிய இடம் கோட்டை இல்லை, லண்டனின் பிக்காடில்லி வீதி. பட்டப்பகலில், திறந்த குதிரை வண்டியில் உட்கார்ந்திருக்கும் அழகான பெண்ணை அவன் வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். முன்பைவிட இளமையாக இருக்கிறான். யாருக்கும் அவன் யாரென்று தெரியவில்லை, அவனைக் கோட்டையிலேயே பார்த்திருந்த ஜோனதனைத் தவிர. நம்மோடு நம்மாக நிற்கிறானே, அந்தப் பயத்தைத்தான் 1972 படம் கோட்டை விட்டது.

வான் ஹெல்சிங்காக நடித்த பீட்டர் குஷிங்கைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1958-ல் வந்த ஹேமர் படத்தில் டிராகுலாவாக லீயும் வான் ஹெல்சிங்காக அவரும் மோதியதற்குப் பிறகு, அதே மோதலுக்காக இருவரும் திரும்ப வந்தது இந்தப் படத்தில்தான். 1971 ஜனவரியில் மனைவியை இழந்திருந்தார் குஷிங். 1972-ல் நடக்கும் பகுதியில் அதே வான் ஹெல்சிங் வம்சத்தில் வந்த, பேத்தியைக் காப்பாற்றத் துடிக்கும் தாத்தாவாக வருகிறார். அந்த ஒடுங்கிய முகத்தில் தெரியும் தவிப்பு நடிப்பு மட்டும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

1973-ல் வந்த அடுத்த படமான 'தி சாத்தானிக் ரைட்ஸ் ஆஃப் டிராகுலா' சுமார்தான், ஆனால் யோசனை சரி. அதே தேவாலயம் இருந்த இடத்தில் இப்போது பெரிய அலுவலகக் கட்டடம். உள்ளே, யாரும் நேரில் பார்த்திராத தொழிலதிபராக டிராகுலா. கொள்ளைநோய்க் கிருமியை உலகம் முழுக்கப் பரப்பத் திட்டம் போடுகிறான். பணம், பதவி, பெரிய மனிதர்களின் தயவு எல்லாம் அவன் கையில் இருக்கிறது. இந்த டிராகுலாவை அவர்கள் ஒரு வருடம் முன்பே, அந்த அபாரமான தொடக்கத்தோடு சேர்த்துத் தந்திருக்க வேண்டும்.