வீதிக்கு விட்ட இடம்

புதுச்சேரியில் நாங்கள் வளர்ந்த பகுதியின் பழைய மூலை வீட்டை இடித்த படங்களை நண்பர்கள் பலரும் பகிர்ந்துவிட்டதால் நடந்ததைத் திரும்பச் சொல்லவில்லை. அவற்றின் கீழே, "பழசு போனால்தானே புதுசு வரும்" என்று எழுதியவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வீடு அதன் உரிமையாளர்களுடையது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடு வீதிக்கென்று விட்டு வைத்திருந்த இடம் எங்கள் எல்லோருக்கும் உரியதாக இருந்தது. புதுச்சேரியின் தமிழர் பகுதியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம் வழிப்போக்கருக்கு, திண்ணை அக்கம்பக்கத்தாருக்கு, முற்றம் வீட்டாருக்கு. மாடியில் பிரெஞ்சு பாணி வளைவுச் சன்னல்கள் வைத்தவர்கள்கூடக் கீழே தாழ்வாரத்தையும் திண்ணையையும் கைவிடவில்லை. இப்போது அங்கே வரப்போவது இரும்புக் கேட்டும் கார் நிறுத்துமிடமும்.

அந்தத் தாழ்வாரத்தின் முதல் தூண், இரண்டு முழ உயரத்தில் வழவழவென்று தேய்ந்திருக்கும். பள்ளிவிட்டு வரும்போது அதைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றாமல் நாங்கள் வீட்டுக்குப் போனதில்லை. மழைக்கு ஒதுங்கிய எங்களை அந்த வீட்டு ஆயா ஒருநாளும் எழுந்து போகச் சொன்னதில்லை. சனிக்கிழமை பழைய மரம் வாங்கும் வியாபாரியின் லாரியில் அந்தத் தூணைப் பார்த்தேன். தேய்ந்த இடத்தின் மேல் கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"உரிமையாளர் படும் பாடு உனக்கென்ன தெரியும்?" என்கிறார்கள். தெரியும். எங்கள் வீடும் இப்படித்தான் போயிற்று. பெரியப்பா, அப்பா, இரண்டு சித்தப்பாக்கள் என்று நான்கு பாகம். மாடித் தளம் ஒழுகியது. சுண்ணாம்புக் காரை வேலை தெரிந்த கொத்தனார் கேட்ட கூலிக்கு ஒருவரும் ஒப்பவில்லை. அப்பா காலமான பிறகு அவர் பாகத்துக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன். இன்று லாஸ்பேட்டையில் அடுக்ககத்தில் குடியிருக்கிறேன். "அப்படியானால் பேச உனக்கென்ன தகுதி?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கையெழுத்துப் போட்ட பேனாவின் கனம் எனக்குத் தெரியும், தம்பி. அந்தத் தகுதி போதும்.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்பவர்கள் வைசியாள் வீதிக்குப் போய்ப் பாருங்கள். அங்கே முகப்புகளையும் திண்ணைகளையும் சீரமைத்த பணிக்கு 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்த, பிரெஞ்சுக் காலத்து நகர்மன்றமான மேரி கட்டடத்தைப் பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி 2021-இல் திறந்தார்கள். மனமிருந்தபோது பணமும் கிடைத்தது. ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியில், ஒரு சுவர் விழுந்தால் ஊரே பதறுகிறது. மேற்கே ஒரு தமிழ் வீடு விழுந்தால் லாரிச் சத்தம்தான் கேட்கிறது. இதைச் சொன்னால் என்னை வளர்ச்சிக்கு எதிரி என்கிறீர்கள். மாடி எழுப்புங்கள், லிஃப்ட் வையுங்கள், வாடகைக்கு விடுங்கள், யார் தடுத்தது? முகப்பில் வீதிக்கு விட்ட இடத்தை மட்டும் விட்டு வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். இதற்கா இத்தனை வசவு?

நேற்று மாலை அங்கே போயிருந்தேன். அந்தத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பூக்கட்டி விற்கும் அக்கா, எதிர்ப்பக்கம் வெயிலில், கூடையின் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புதுக் கட்டடம் வந்த பிறகு வாசலில் உட்கார விடுவார்களா என்று என்னைத்தான் கேட்டார்.